செடியிடம் பூக் கேட்டவர்

“தனிமரம் தோப்பாகாதுங்கறாங்க அம்மணி. நெசந்தானுங்களா?” என்று கேட்டார் ராக்கியண்ணன்.

“எந்த மரம்?” என்று கேட்டார் டீச்சர்.

ராக்கியண்ணனுக்குக் கோபம் வந்தது. இரண்டு பஸ் மாறி, அணைக்கரையில் வெயிலில் காத்துக்கிடந்து, பரிசலில் தலை சுற்றி இப்போதுதான் இறங்கியிருக்கிறார். வந்தவருக்கு ஒரு சொம்புத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு இப்படியா கேட்பது?

“ஏனுங்க, அது பழமொழிங்க. பழமொழியில எந்த மரம்னா எழுதியிருக்குது?”

“யோசிச்சுச் சொல்லுங்கண்ணா. அவசரமில்ல” என்று சொல்லிவிட்டு டீச்சர் துணி துவைக்கப் போய்விட்டார்.

*

வீட்டில் கோபித்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் பழனிக்குப் போவார்கள். முருகனே போட்டுக்கொடுத்த பாதை அது. ராக்கியண்ணன் பாதை மாறி, அணைத் தண்ணீருக்கு நடுவில் இருக்கும் திட்டுக்கு வந்துவிட்டார்.

திட்டைச் சுற்றி வர ஒரு மணி நேரம் போதும். அங்கே ஒரு ஓட்டு வீடும், நிறையச் செடிகளும், சுலோசனா டீச்சரும்தான். டீச்சர் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர். எந்தெந்தச் செடி எங்கிருந்தோ வந்து இங்கே வேர் பிடித்திருக்கிறது என்று பார்க்க மூன்று மாதம் தங்க வந்தார். எட்டு வருஷம் ஆகிவிட்டது. வயது முப்பத்தேழு.

கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லமாட்டார் என்று அவருக்கு அக்கரையில் பெயர். அதற்காகவே ஆட்கள் தேடி வந்தார்கள். நேரான பதில்தான் ஊரிலேயே எல்லோரும் கொடுக்கிறார்களே.

ராக்கியண்ணனுக்கு அறுபத்தொன்று. பிழைப்பு மஞ்சள் விவசாயம். நாற்பது வருஷமாக அவருடைய கை மஞ்சளாகத்தான் இருக்கிறது. எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அவரும் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

அவருக்கு ஒரே மகள், பிருந்தா. முப்பத்து நாலு வயது, மின்வாரியத்தில் இன்ஜினியர். கல்யாணம் வேண்டாம் என்று என்றைக்கோ சொல்லிவிட்டாள். அதையே எல்லோரும் ஒருவழியாக விழுங்கி முடித்த நேரத்தில், ஒரு குழந்தையைத் தத்தெடுக்கப் போகிறேன் என்றாள். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை.

“ஆரு பெத்ததோ, எந்த வித்தோ” என்றாள் ராக்கியண்ணனின் அக்கா.

“இவளே ஒத்தை. தனிமரம் எங்காச்சும் தோப்பாகுமா?” என்றார்கள் சொந்தபந்தமான ஒரம்பரைக்காரர்கள் அத்தனை பேரும்.

அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி, தத்துக் கொடுக்கும் அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வீட்டுக்கே வருகிறார்கள். வீட்டுப் பெரியவரிடமும் நாலு வார்த்தை பேசுவார்கள்.

“நீங்க ஒன்னும் சொல்ல வேண்டாம்ப்பா. அன்னைக்கு வீட்டுல இருந்தாப் போதும்” என்றாள் பிருந்தா.

அவருக்குச் சரி என்றும் வாய் வரவில்லை, வேண்டாம் என்றும் வரவில்லை. மறுநாள் காலையில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டார். சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தால்கூட அந்தப் பெண் தாங்கியிருப்பாள்.

*

மூன்றாம் நாள் பதிலோடு வந்தார் ராக்கியண்ணன்.

“பனைன்னா ஆகாதுங்க. ஆண்பனை ஒன்னு பக்கத்துல நிக்கோணும். பப்பாளியும் அப்படித்தான்.”

“அப்புறம்?”

“தக்காளி தன்னாலயே காய்க்குமுங்க. அவரையும் காய்க்கும்.”

“அப்புறம்?”

“மஞ்சளுக்கு விதைங்கற பேச்சே இல்லீங்க. கிழங்கை ஒடிச்சு வெச்சா மொளைக்கும்.”

“அப்ப அந்தப் பழமொழி?”

“சொன்னவன் காட்டுல பனை நின்னிருக்குமுங்க” என்றார் ராக்கியண்ணன்.

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். ராக்கியண்ணனுக்கும் சிரிப்பு வந்தது. ஊரை விட்டு வந்த பிறகு முதல் சிரிப்பு.

“சரிங்க அம்மணி. இதுல என்ற பொண்ணு எந்த மரமுங்க?”

“உங்க பொண்ணு பொண்ணுங்கண்ணா. மரம் இல்ல.”

*

டீச்சர் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். ராக்கியண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பிடுங்கினார். சும்மா இருந்து சாப்பிட அவருக்குப் பழக்கமில்லை.

“இதெல்லாம் வேற தேசத்துச் செடிங்களா?”

“ஆமாங்க.”

“அதனாலதான் புடுங்கறீங்க?”

டீச்சர் இன்னொன்றை வேரோடு பிடுங்கி மண்ணை உதறினார்.

“எங்கக்காளும் அதத்தானுங்க சொல்றா. எங்கிருந்தோ வந்ததை வீட்டுக்குள்ள சேர்க்காதேங்கறா.”

மத்தியானம் சோறு போட்டு, புளிக்குழம்பு ஊற்றினார் டீச்சர். “காரம் தூக்கலா இருக்குதுங்களாண்ணா?”

“அளவாத்தான் இருக்குது அம்மணி. மொளகா இல்லாம என்ன கொழம்பு?”

“மொளகா கடல் தாண்டி வந்தது. தக்காளியும் அப்படித்தான். உங்க பப்பாளியும்.”

ராக்கியண்ணன் கையில் உருட்டின சோற்றைப் பார்த்தார்.

“வந்ததுக்காகப் புடுங்கறதில்லீங்கண்ணா. பக்கத்துல எதையுமே வாழ விடாதுன்னாத்தான் புடுங்கறது. அந்த வேலைய உள்ளூர்லயே பொறந்து செய்யறவங்களும் உண்டு.”

அவருக்கு அக்காவின் முகம் ஞாபகம் வந்தது. இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டார்.

*

மேற்குப் பக்கம் தண்ணீரே தெரியவில்லை. கரையிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் ஆகாயத்தாமரை. ஊதாப் பூ பூத்து, காற்றடித்தால் மொத்தமாக மூச்சு விட்டது.

பார்க்கப் பார்க்கக் கண் சொக்கியது. அதன் மேல் நடந்தே அக்கரைக்குப் போய்விடலாம் போலிருந்தது. ராக்கியண்ணன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

“ஒன்னே ஒன்னுதான் மிதந்து வந்துச்சாம். பரிசல்காரர் சொன்னார்” என்றார் டீச்சர்.

“ஒன்னா? அப்பத் தனிமரம் தோப்பாச்சுங்களே!”

“எங்கண்ணா தோப்பு?”

“இதோ, இத்தனையும்.”

“இத்தனையும் அந்த ஒன்னோட துண்டுங்கண்ணா. ஒடிஞ்சு ஒடிஞ்சு, ஒரே செடிதான் இவ்வளவு எடத்துல நிக்குது. வேற யாரும் இதுல இல்ல.”

ராக்கியண்ணன் மறுபடியும் பார்த்தார். ஆயிரம் பூக்கள். ஒருத்தர். இத்தனை பெரிய தனிமையை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

*

திட்டின் தெற்கு முனையில் ஒரு செடி நின்றது. ஒன்றரை ஆள் உயரம், மஞ்சள் பூ. போன வருஷ வெள்ளத்தில் விதை மிதந்து வந்திருக்க வேண்டும். அதற்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. அதே செடி திட்டின் வடகரையில் ஒரு புதராகவே வளர்ந்திருந்தது. தெற்கே மட்டும் இது ஒன்றுதான்.

“இதுதான் இப்ப என் தலைவலி” என்றார் டீச்சர். “தன் பூத்தூளே தனக்குப் போதும்ங்கற இனமா இருந்தா, இந்த ஒன்னு போதும், ரெண்டு மழையில திட்டையே மூடிரும். அப்புறம் அக்கரைக்குப் போகும். உடனே வேரோட எடுக்கணும். துணை வேணும்ங்கற இனம்னா, வடகரைப் புதர முதல்ல எடுக்கலாம். இது காத்திருக்கும்.”

“எப்படிங்க தெரிஞ்சுக்கறது?”

டீச்சர் துவைத்து மடித்த மெல்லிய மல்துணிப் பைகளை எடுத்துவந்தார். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். வாயில் சுருக்குக் கயிறு.

“பூ விரியறதுக்கு முன்னாடி, மொட்டுலயே இதைப் போட்டுக் கட்டணும். தேனீ, எறும்பு எதுவும் உள்ள போகக் கூடாது. உள்ளயே பூக்கட்டும், உள்ளயே வாடட்டும். அதுக்கப்புறமும் காய் பிடிச்சா, இது தனியாவே தோப்பாகிற செடி.”

ராக்கியண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பிடிக்கலீன்னா?”

“ஆகாத செடி.”

மொத்தம் பன்னிரண்டு பை. கைக்கு எட்டின ஒன்பது மொட்டுக்கு ராக்கியண்ணன் கட்டினார். உச்சிக் கிளையில் மூன்று மொட்டு. டீச்சர் பாறைமேல் ஏறி நின்று, கொக்கியால் கிளையை வளைத்து அவற்றுக்கும் கட்டினார்.

“அப்ப என்ற கேள்விக்கும் இதே பதில் சொல்லிருமுங்களா?”

“செடி செடிக்கான பதிலைச் சொல்லும்” என்றார் டீச்சர்.

அது ராக்கியண்ணன் காதில் விழவில்லை. அவர் ஊர்ப் பக்கம் கல்யாணமோ கிணறு வெட்டோ, எதுவானாலும் கோயிலில் பூக் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் விட்டுவிடலாம். பொட்டலம் பொட்டலமாகத் தொங்கிய அந்தச் செடியைப் பார்த்ததும் அவருக்குச் சந்நிதியில் நிற்பதுபோல் ஆகிவிட்டது.

காய் பிடித்தால் வீட்டுக்குப் போய் மகளிடம் சரி என்று சொல்வது. பிடிக்காவிட்டால் பதினெட்டாம் தேதி கழியும்வரை இங்கேயே இருந்துவிடுவது. மனதுக்குள் வேண்டிக்கொண்டார். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார். முடிவெடுக்கும் வேலையை இன்னொருத்தர் தலையில் கட்டிவிட்டால் மனுஷனுக்கு நன்றாகப் பசிக்கும்.

*

“நாளைல இருந்து ஒரு வேலைங்கண்ணா. வடகரைப் புதர்ல தினமும் பூத்த பூவெல்லாம் பறிச்சுடணும். விதை வெக்க விடக்கூடாது.”

“ஆகட்டுமுங்க.”

“தெக்கால பையைத் தொடாதீங்க.”

“ஆகட்டுமுங்க.”

*

நாட்கள் எப்படிப் போயின என்று அவருக்கே தெரியவில்லை.

விடியும்போது தண்ணீர் மேல் பனி நிற்கும். அக்கரை இருக்காது. பரிசல் பனிக்குள்ளிருந்து வரும், பனிக்குள் போகும். கூடை நிறைய மஞ்சள் பூப் பறித்துக்கொண்டு நடக்கும்போது, தான் நடக்கிறோமா, திட்டு நகர்கிறதா என்று அவருக்குச் சந்தேகம் வரும். மத்தியானம் மர நிழலில் படுத்தால் உடனே தூக்கம்.

ஒருநாள் தூக்கத்தில் அவர் ஒரு வெள்ளைத் துணிக்குள் இருந்தார்.

உள்ளே வெளிச்சமாகத்தான் இருந்தது. பால் போன்ற வெளிச்சம். குளிர் இல்லை, பசி இல்லை. வெளியே யார் யாரோ போகிற சத்தம் கேட்டது. ஒரு நிழல் துணிக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

“யாருங்க?” என்று கேட்டார்.

நிழல் பதில் சொல்லவில்லை. ஆனால் அது நிற்கிற வரைக்கும் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. அது போன பிறகு, மறுபடி வருமா என்று காத்திருந்தார். கனவு முழுக்க அந்தக் காத்திருப்புதான்.

விழித்தபோது கன்னம் ஈரமாக இருந்தது. எழுந்து முகம் கழுவினார்.

“கனவு கண்டேனுங்க” என்றார் டீச்சரிடம்.

“என்ன கனவு?”

“ஒன்னுமே நடக்கலீங்க. பொறுத்துக்க முடியல.”

டீச்சர் அவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தார்.

*

பை அவிழ்க்கிற நாள் வந்தது.

ராக்கியண்ணன் குளித்து, திருநீறு பூசி, வேட்டி மாற்றிக்கொண்டு, வடகரைப் பூவையும் பறித்துவிட்டு வந்து நின்றார். டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

முதல் பை. சுண்டுவிரல் நகமளவு பச்சைக் காய்.

“ஆண்டவனே” என்றார் ராக்கியண்ணன்.

இரண்டாவது பையிலும் காய். மூன்றாவதிலும். ஒன்பதாவது பை வரைக்கும் காய்தான். ராக்கியண்ணன் கைகூப்பி நின்றார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

“தோப்பாகுதுங்க அம்மணி! தனியாவே தோப்பாகுது! எங்கக்காளைக் கூட்டிட்டு வந்து காட்டோணும்!”

டீச்சர் பாறைமேல் ஏறி உச்சிக் கிளையை வளைத்தார். மூன்று பைகளையும் அவிழ்த்து அவர் கையில் கொட்டினார்.

மூன்றிலும் வாடி உதிர்ந்த இதழ்கள். மூன்று காய்ந்த காம்புகள்.

ராக்கியண்ணன் விழித்தார். “இதென்னங்க, ஒரே செடி. ஒன்பது காய்ச்சிருக்குது, மூனு காய்க்கலியே?”

டீச்சர் கீழே இறங்கி வந்தார்.

“அண்ணா, பையைத் தொட்டீங்களா?”

ராக்கியண்ணன் காம்புகளைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். பார்க்க வேறொன்றும் மிச்சமில்லை.

“தொட்டனுங்க.”

“எத்தனை தடவை?”

“பூத்திருந்த அன்னைக்கெல்லாம் காத்தால காத்தால. அங்க பூப் பறிச்சதும் நேரா இங்க வந்துருவேன். கயித்தை அவுத்து, விரலை விட்டுப் பூவை லேசா ஒதுக்கிப் பார்த்துட்டுக் கட்டிருவேனுங்க.” அவர் குரல் இறங்கிவிட்டது. “உள்ள ஒத்தையில என்ன பண்ணுதோன்னு இருந்துச்சு அம்மணி. மனசு கேக்கல.”

“பொட்டலத்தைப் பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்துட்டா பூக் கேட்டீங்க?”

ராக்கியண்ணனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வேண்டுதலை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

டீச்சர் தன் முந்தானையைத் தண்ணீரில் நனைத்தார். ராக்கியண்ணனின் வலது கையைப் பிடித்து, விரல் நுனிகளைத் துடைத்தார். நகக்கண்ணில் அழுத்தித் துடைத்தார். துணியில் மஞ்சள் அப்பிக்கொண்டது.

“அது மஞ்சக் கறைங்க. போகாது” என்றார் ராக்கியண்ணன்.

“போயிருச்சே.”

துணியில் இருந்தது பூத்தூள். இன்று காலையில் வடகரையில் ஒட்டியது. துடைத்த இடத்தில் அவருடைய பழைய மஞ்சள் அப்படியே இருந்தது.

ராக்கியண்ணன் துணியையும் விரலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப இது தன்னால காய்க்கலீங்களா?”

“இல்லீங்கண்ணா. துணை வேணும்ங்கற செடிதான்.”

“நான் கொண்டு வந்து...”

“நீங்க கொண்டு வந்து சேர்த்ததுதான். ஒன்பதும்.”

காற்று நின்றிருந்தது. ஆகாயத்தாமரை அசையவில்லை. டீச்சருக்கு இது முன்பே தெரியுமா, தெரிந்துதான் வடகரை வேலையை அவருக்குக் கொடுத்தாரா என்று இந்தக் கதையைச் சொல்கிற எனக்கு இன்றுவரை சந்தேகம். கேட்டால், “எந்த வேலை?” என்பார்.

“பரிசோதனை வீணாப் போச்சுங்களா?”

“ஒன்பது வீணாப் போச்சு. மூனு உருப்படியா இருக்குது.”

ராக்கியண்ணன் உள்ளங்கையில் கிடந்த மூன்று காம்புகளை விரலால் புரட்டினார்.

“இதுகளை மட்டும் ஏங்கண்ணா விட்டுட்டீங்க?”

“இதுக உசரத்துல இருந்துச்சுங்க. கை எட்டல.” சொல்லிக்கொண்டே வந்தவருக்கு வார்த்தை தேய்ந்தது. “நான் போய்ப் பார்க்கலீங்க.”

சொல்லி முடித்த பிறகு அவர் வாய் மூடவில்லை. தான் சொன்னதை வேறு யாரோ சொல்லிக் கேட்டதுபோல நின்றார்.

டீச்சர் ஒன்பது காய்களையும் பறித்துப் பழைய சட்டி ஒன்றில் போட்டார், விதை பரவாமல் எரிப்பதற்கு.

“அம்மணி, இன்னைக்குத் தேதி என்னங்க?”

“பதினேழு.”

அவர் பரிசல்துறைக்கு ஓடினார். அறுபத்தொரு வயது மனிதர் அப்படி ஓடி டீச்சர் பார்த்ததில்லை.

“பரிசல் சாயங்காலந்தாங்கண்ணா வரும்!” என்று டீச்சர் பின்னாலிருந்து சத்தம் போட்டார்.

ராக்கியண்ணன் அதற்குள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, இரண்டு கையையும் தூக்கி அக்கரையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.